மாரிக்கனி வாசித்த பாடம்

மலர்க் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் போன மாதம் கடைக்கு வந்தது. நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் "அயலகத்தில் நம்மவர்" என்று ஒரு பகுதி போடப் போவதாகவும், அதற்கு என்னைப் பற்றி நானே நாலு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்புக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் வரிசையில் மட்டாஞ்சேரிக்காரனையும் உட்கார வைத்துவிட்டீர்கள். நான் கடல் தாண்டியவன் இல்லை. சாத்தூரில் ரயிலேறி, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டி வந்தவன். ஆனாலும் முப்பது வருஷத்துக்குப் பிறகும் இங்கே ரேஷன் ஆபீஸில் "நேட்டிவ் எவிடெயா?" என்றுதான் கேட்கிறார்கள். சொந்த ஊர் என்ற இடத்தில் ஒருமுறை மட்டாஞ்சேரி என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா சிரித்துக்கொண்டே அதை அடித்துவிட்டுச் சாத்தூர் என்று எழுதினார். ஆகவே அயலகம் என்று நீங்கள் சொன்னதில் தப்பில்லை.

எழுத வேண்டிய தலைப்புகளையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். குடும்பம், பக்தி, தொழில், பொதுத்தொண்டு. கூடவே பாராட்டு விழா அழைப்பிதழின் மாதிரியும் இருந்தது. அதில் என் பெயருக்குக் கீழே "மட்டாஞ்சேரியில் தமிழ்ப் பள்ளியைக் காத்த செம்மல்" என்று ஒரு வரி. மறுநாள் அதைப் படித்ததும் கடையில் யாராவது பார்க்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தேன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை உங்களுக்குத் தெரியும். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. கத்திவிடுவது என்று முடிவு செய்து எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

1

தொழிலில் இருந்து தொடங்குகிறேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காலை எட்டரைக்குக் கடை திறக்கிறேன். பஜார் ரோட்டில் எங்கள் வரிசை முழுக்க வத்தல், மல்லி, வெங்காயம். முன்னால் ரோடு, பின்னால் காயல். நம் பக்கத்து வத்தல் லாரியில் வந்து இறங்கும், இடப்பள்ளி, வைட்டிலா பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். புதிதாகக் கடைக்குள் வருகிறவர் தும்மாமல் பேச முடியாது. நான் தும்மி இருபது வருஷம் ஆகிறது.

இங்கே என்னை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். வந்த புதிதில் பெருமையாக இருந்தது, நம்மை மதித்துக் கூப்பிடுகிறார்களே என்று. பிறகுதான் தெரிந்தது, தமிழ் பேசுகிற எவனும் இங்கே அண்ணாச்சிதான். மூட்டை சுமக்கிறவனும் அண்ணாச்சி, மூட்டைக்குச் சொந்தக்காரனும் அண்ணாச்சி. இந்த ஒரு விஷயத்தில் மலையாளிகள் எங்களைச் சமமாக நடத்தினார்கள். நாங்கள்தான் எங்களுக்குள் அப்படி நடத்திக்கொள்ளவில்லை.

என் தமிழும் முன்போல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தி சாத்தூரில் என் தங்கை மகன் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றியவரிடம் "மதி, மதி" என்றேன். அவர் ஏதோ மதிப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். மலையாளத்தில் மதி என்றால் போதும். இலை நிறைந்து வேட்டிக்கு வந்த பிறகுதான் எனக்குப் "போதும்" என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது. பந்தி முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன்.

2

குடும்பம் சிறியது. மனைவி பாக்கியம், ஒரே மகள் விஜயா. விஜயா இப்போது எறணாகுளத்தில் காலேஜ் படிக்கிறாள். காலையில் போட்டில் போய்ச் சாயங்காலம் போட்டில் வருகிறாள். இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிப்பாள், மலையாள வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்று அவளும் நினைக்கிறாள், நாங்களும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் கடிதம் வந்த அன்று என் கண்ணாடியின் காது ஒடிந்திருந்தது. வாசித்துக் காட்டு என்று அவளிடம் நீட்டினேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல பேப்பர்" என்றாள். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்குக் கண்ணாடி சரியாயிரும்லே. நீங்கதன்னெ வாசிச்சுக்கோங்க அப்பா."

அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தமிழ்ப் பள்ளியைக் காத்த செம்மலின் மகளுக்கு. இதை ஊரில் யாருக்கும் நான் சொன்னதில்லை. விடுமுறைக்கு அவள் அங்கே வந்தபோதெல்லாம் "பரீட்சைப் படிப்பு" என்று இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் கொடுத்தே அனுப்பியிருக்கிறேன்.

3

அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோப்பும்படி போகிற வழியில் சர்க்கார் உதவி பெறும் ஒரு பள்ளி. அதில் ஒன்று முதல் நான்கு வரை ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தமிழ்ப் பிரிவு இருந்தது. கைவண்டி இழுப்பவர்கள், மூட்டை சுமப்பவர்கள், துணி வெளுப்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள்தான் அதில் படித்தார்கள். நான் அப்போது இங்குள்ள தமிழர் சங்கத்தின் செயலாளர். மாரியம்மன் கோயில் கமிட்டியிலும் இருந்தேன். வருஷா வருஷம் சங்கக் கூட்டத்தில் "நம் மொழி நம் பிள்ளைகளின் நாவில்" என்று அரை மணி நேரம் பேசுவேன். நன்றாகவே பேசுவேன், கைதட்டுவார்கள்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் கல்வி அதிகாரி வந்து தலை எண்ணுவார். வேண்டிய எண்ணிக்கை இல்லையென்றால் அந்த வகுப்பு போய்விடும், வகுப்போடு டீச்சரும் போய்விடுவார். இது நம்மவர்களுக்கென்றே வைத்த பொறி மாதிரி. வைகாசிக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போன குடும்பங்கள் அவ்வளவு சுலபமாகத் திரும்பி வராது. கொடை முடிந்தால் ஒரு காதுகுத்து, அது முடிந்தால் ஒரு சடங்கு. பிள்ளைகள் அங்கே பனங்காய் வண்டி உருட்டிக்கொண்டிருக்கும்போது இங்கே தலை எண்ணி முடித்துவிடுவார்கள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு மூன்றாம் வகுப்புத் தமிழ் டீச்சர் சரோஜா கடைக்கு வந்தார். நாகர்கோவில்காரர், வயதான தாயாரைக் கூட வைத்துக் காப்பாற்றுகிறவர். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை குறைகிறது என்றார்.

"ஒரு குட்டி சேந்தா கிளாஸ் நிக்கும் சார். இல்லேன்னா நான் ஊருக்குப் போக வேண்டியதுதான்."

"டீச்சர், நான் இருக்கும்போது வகுப்பு போகுமா?" என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்.

விஜயா அந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் போகிறவள். கான்வென்டில். அந்த ஒரு பிள்ளை என் வீட்டில் இருக்கிறது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வரவில்லை. டீச்சரும் கேட்கவில்லை, சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

4

என் கிட்டங்கியில் மூட்டை இறக்குகிறவர்களில் முத்தையா என்று ஒருவர், சங்கரன்கோவில் பக்கம். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அன்று அவன்தான், வாடே போடே தான். அவர் மகள் பேச்சிக்கு விஜயா வயது. டீச்சர் போன கையோடு முத்தையாவைக் கூப்பிட்டேன்.

"ஏ முத்தையா, உன் மக எந்தப் பள்ளிக்கூடம் போகுது?"

"சர்க்கார் ஸ்கூலுக்கு அண்ணாச்சி. ரெண்டாம் கிளாஸ் ஜெயிச்சுட்டா. மிடுக்கிக் குட்டியாக்கும், கெட்டிக்காரப் பிள்ளைன்னு டீச்சரே சொல்லுதாங்க."

"மலையாளமா?"

"ஆமா."

"ஏம்டே, பெத்த பாஷை இருக்கையில அடுத்தவன் பாஷை எதுக்கு? நாளைக்கு ஊருக்கு ஒரு கடுதாசி எழுதத் தெரியுமா அதுக்கு?"

முத்தையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஊர்ல நமக்கு என்ன இருக்கு அண்ணாச்சி. இனி இங்கனதான கெடக்கப் போறோம். இங்க உள்ள எழுத்து தெரிஞ்சா எப்படியும் பொழைச்சுக்கிடும்னு பாத்தேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் அரை மணி நேரம் பேசினேன். சங்கக் கூட்டத்தில் பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் பேசினேன். நான் மல்லி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன், அவர் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் "நீங்க சொன்னா சரி அண்ணாச்சி" என்றார். அது சம்மதம் இல்லை. என் கடையில் வேலை செய்கிறவர் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நானே சர்க்கார் பள்ளிக்குப் போய்ப் பேச்சியின் சான்றிதழை வாங்கினேன். அங்கிருந்த டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நல்ல குட்டியா. எந்தினா மாற்றுந்நே?" என்று கேட்டார். நல்ல பிள்ளையாயிற்றே, எதற்காக மாற்றுகிறீர்கள் என்று. தாய்மொழி என்றேன். பள்ளி திறந்த அன்று பேச்சி தமிழ் வகுப்பில் உட்கார்ந்தாள். எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று சங்கத்தில் அறிவித்தேன்.

5

ஆறாம் நாள் காலை நல்ல மழை. சரோஜா டீச்சர் பள்ளிப் பியூனிடம் சொல்லி அனுப்பினார். மாரிக்கனி என்று ஒரு பெண், கைவண்டிக்காரர் மகள், கொடைக்குப் போனவள் இன்றைக்கு வந்துவிடுவாள் என்று நம்பியிருந்தார்கள். வரவில்லை. மறுபடியும் ஒரு தலை குறைகிறது.

நான் வீட்டுக்கு ஓடினேன். விஜயா கழுத்துப் பட்டையும் ஷூவும் மாட்டிக் கான்வென்ட் வண்டிக்குத் தயாராக நின்றாள். அவற்றைக் கழற்றச் சொல்லி, பாவாடை சட்டை உடுத்திவிடு என்று பாக்கியத்திடம் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் பாக்கியம் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தணும்னா இவளை நெசமாவே அங்க சேத்துர வேண்டியதுதான? இது என்ன வேஷம்?"

"ஒரு மணி நேர வேலை. நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். உங்க அம்மன் சும்மா இருப்பாளான்னு கேட்டுக்கிடுங்க" என்று சொல்லி, மகளுக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னினாள். முடித்ததும் மகளைப் பார்த்து, "போயிட்டு வாங்க மாரிக்கனியம்மா" என்றாள். விஜயாவுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழி நெடுகக் குடையின் கீழே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பேர் கேட்டால் மாரிக்கனி. வேறெதுவும் பேசக் கூடாது. இதை யாரிடமும் எப்போதும் சொல்லக் கூடாது. "சரி அப்பா" என்றாள்.

அவளைப் பேச்சியின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் வராந்தாக் கோடியில் போய் நின்றேன். அதிகாரி வந்தார். பென்சில் முனையால் ஒவ்வொரு தலையாக எண்ணினார். சரியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை விரித்தார். அத்தோடு போயிருக்கலாம். பிள்ளைகளைப் பார்த்தால் அதிகாரிகளுக்கு எதையாவது கேட்டாக வேண்டும். எல்லோரிலும் சுத்தமாகத் தெரிந்த பிள்ளையைக் கை காட்டினார்.

"பேரெந்தா?"

"மாரிக்கனி."

கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். ஒரு பொய்யை இத்தனை சுத்தமாகச் சொல்ல என் மகளுக்குக் கற்றுக் கொடுத்தவன் நான்தான்.

"ஒந்நு வாயிச்சே, கேக்கட்டே."

வாசிக்கச் சொல்கிறார் என்றதும் டீச்சர் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். வேறு வழியில்லை. விஜயா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கதவு வழியாக என்னைத் தேடினாள். கண்கள் சந்தித்தன. நான் முகத்தைத் திருப்பி மழையைப் பார்க்க ஆரம்பித்தேன். எட்டு வயதுப் பிள்ளையை மாட்டிவிட்டு மழையைப் பார்த்தவன் நான்.

அப்போது அவள் குரல் கேட்டது. பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற அதே ராகத்தில், நிறுத்தி நிறுத்தி. திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் பேச்சி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு முணுமுணுக்கிறாள், அதை விஜயா உரக்கச் சொல்கிறாள். மழை வலுத்து ஓட்டில் விழுந்த சத்தத்தில் வார்த்தை எதுவும் என் காதில் விழவில்லை, ராகம் மட்டும்தான் வந்தது. பேச்சி பாடத்தைச் சொல்லிக் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்தது. அந்த நேரத்திலும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் மகள் தமிழ் வாசிக்கிறாள் என்று. பொய்யென்று தெரிந்தே நிறைந்தது.

அதிகாரி குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "மதி, மதி. மிடுக்கி" என்றார். வகுப்பு நிலைத்தது.

திரும்பி வரும்போது விஜயா கூவப்பாடம் முக்கைத் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, அது நல்ல ஸ்கூலா?"

"நல்ல ஸ்கூல்தான்."

"பின்னெ என்னை எந்தா அங்க சேக்காதது?"

"அது அவங்களுக்கு உள்ள பள்ளிக்கூடம்" என்றேன். இத்தனை வருஷமாக அந்தப் பதிலை யாரிடமும் சொன்னதில்லை.

6

அந்த ஆடியில் கோயில் கஞ்சி வார்ப்பின்போது சங்கத்தார் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தச் செய்திதான் நம் ஊர்வரைக்கும் வந்து, உங்கள் அழைப்பிதழில் ஏறியிருக்கிறது. காத்தவர் என்று போட்டிருக்கிறீர்கள். காத்தது இரண்டே வருஷம். பிறகு ஒவ்வொரு ஜூனிலும் ஒவ்வொரு வகுப்பாகப் போனது. சரோஜா டீச்சர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதற்குள் சங்கத்தில் வேறு பேச்சு வந்துவிட்டது.

பேச்சி தமிழில் நாலாம் வகுப்பு முடித்தாள். அதற்கு மேல் பக்கத்தில் எங்கும் தமிழ் வகுப்பு இல்லை. இது எனக்கு முன்பே தெரியும். முத்தையாவிடம் அரை மணி நேரம் பேசியதில் இதை மட்டும் சொல்லவில்லை. அவர் மகளைக் கூட்டிக்கொண்டு பழைய சர்க்கார் பள்ளிக்கே போனார். இவளுக்கு ஐந்தாம் வகுப்பு மலையாளம் ஓடாது, மூன்றில் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். முத்தையா கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா அஞ்சுல எடுத்துக்கிடுவாங்க. சான்றிதழ் வாங்கினதும் நீங்கதான."

நாளைக்கு வருகிறேன் என்றேன். மறுநாள் கோயில் கமிட்டி. அதற்கு மறுநாள் லாரி. "வர்றேன்டே, மறக்கலை" என்று நாலைந்து தடவை சொன்னேன். அந்த டீச்சர் "எந்தினா மாற்றுந்நே" என்று மறுபடியும் கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. நான் போகவே இல்லை. பத்து வயதுப் பெண் குட்டிப் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பில் சில மாதம் உட்கார்ந்தாள், பிறகு போகவில்லை. முத்தையா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகு விட்டுப் போகும்வரை என் மூட்டைகளைச் சுமந்தார். அப்புறம் ஒருநாள் குடும்பத்தோடு எங்கோ குடிபெயர்ந்துவிட்டார். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

பக்தியைப் பற்றிக் கேட்டீர்கள். செவ்வாய், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். கண்ணை மூடினால் முதலில் வருகிற வேண்டுதல் ஒன்றுதான். ஆத்தா, இது யாருக்கும் தெரிய வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேலாக இதைத்தான் கேட்டு வந்திருக்கிறேன், அவளும் கொடுத்து வந்திருக்கிறாள். அதற்காகத்தான் பால்குடமும் பொங்கலும்.

7

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நீங்கள் "தெளிவான கையெழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். என் கையெழுத்து சரக்குச் சீட்டுக்குத்தான் லாயக்கு. படி எடுத்துத் தர யாராவது உண்டா என்று கோயிலில் விசாரித்தேன். அங்கே ஒரு பெண் சொன்னாள்.

"இடக்கொச்சியில செம்மீன் உரிக்கிற ஷெட்ல ஒரு பொண்ணு இருக்கு அண்ணாச்சி. நம்ம ஆளுங்களுக்கு ஊர்க் கடுதாசி எல்லாம் அதுதான் எழுதிக் குடுக்கு. முத்து முத்தா எழுதும். ஒரு பைசா வாங்காது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோப்பும்படி போய் இடக்கொச்சி பஸ் ஏறினேன். ஷெட்டுக்குப் பின்னால் ஓலை வீடு. வாசலில் முத்தையா உட்கார்ந்திருந்தார். திரும்பிவிடலாம் என்று கால் சொன்னது, அதற்குள் அவர் பார்த்துவிட்டார். எழுந்திருக்க முடியாமல் எழுந்து, "ஏளா பேச்சி, அண்ணாச்சி வந்திருக்காக" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

பேச்சி வந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "வாங்க மொதலாளி, சாயா குடிக்கிறீங்களா?" என்றாள். இறால் உரிக்கிற ஐஸ் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. எதற்கு வந்தேன் என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. தாள்களை நீட்டினேன்.

அவள் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். என் கோழிக் கிறுக்கல் அவளுக்குத் தடையாக இல்லை. நான் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். பந்திக் கதையில் சிரித்தாள். நாலாம் பகுதியில் ஒரு தடவை தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்தாம் பகுதி வந்ததும் நிறுத்தினாள்.

"இது தப்பு மொதலாளி."

எது என்று கேட்டேன். எல்லாமே தப்புதான் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் பாடம் சொல்லிக் குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அப்ப தமிழ் எழுத்தே தெரியாதே. வந்து ஆறு நாளுதான ஆயிருந்துச்சு. அந்தப் புஸ்தகத்துல என்ன இருக்குன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

இது எனக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தோன்றவில்லை. மலையாளப் பள்ளியிலிருந்து அவளைப் பிடுங்கி வந்தவனே நான்தான். ஆறு நாளில் ஒரு பிள்ளை எப்படி வாசிக்கும் என்று ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"அப்ப என்ன சொல்லிக் கொடுத்தே?"

சொன்னாள். கேட்டதும் சாயாவைக் கீழே வைத்துவிட்டேன். முத்தையா தலையைக் குனிந்துகொண்டார், அவருக்கும் அன்றுதான் தெரியும்.

"அதை ஏன் நீயே எழுந்து சொல்லலை, தாயி?"

"நான் சொன்னா அப்பாவுக்கு வேலை போயிரும்னு பயம். உங்க மக சொன்னா யாரு என்ன செய்வா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எட்டு வயதில் போட்ட கணக்கைச் சொன்னாள், அவ்வளவுதான். "சரோஜா டீச்சருக்குக் கேட்டுச்சு. அவங்க கண்ணு நெறைஞ்சு போச்சு. ஒண்ணும் சொல்லலை. ஆபிசர் சாருக்கு மனசிலாச்சோ என்னமோ, மதின்னுட்டார்."

வீட்டுக்கு வந்து விஜயாவிடம் கேட்டேன். அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா என்று. கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"ஓர்மை இருக்கு அப்பா. அதுகொண்டுதானே அன்னைக்கு வழியில கேட்டேன், நல்ல ஸ்கூலான்னு."

"அப்பவே அவ சொன்னதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

இன்று மறுபடியும் ஞாயிறு. இடக்கொச்சியில் பேச்சி வீட்டில் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பகுதியை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். முன்பக்கங்களையும் அவளே படி எடுத்துவிட்டாள், அதனால்தான் நீங்கள் தடையில்லாமல் வாசிக்கிறீர்கள். முத்தையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு" என்றார். பழைய "நீங்க சொன்னா சரி" மாதிரியே அது என் காதில் விழுந்தது. பேச்சியிடமும் கேட்டேன். அவள் பேனாவை நிறுத்திவிட்டு, "இதையும் எழுதணுமா?" என்று மட்டும் கேட்டாள். எழுது என்றேன்.

விழாவுக்கு நான் வரவில்லை. பொன்னாடை வேண்டாம். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே உள்ள வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எதையாவது போட்டாக வேண்டுமென்றால், என் மகள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாசித்த தமிழ்ப் பாடத்தைப் போடுங்கள். அதைச் சொல்லிக் கொடுத்தவளே கீழே தன் கையால் எழுதித் தருகிறாள்.

"நான் பழைய ஸ்கூல்லயே படிக்கேன் சார். எங்கப்பா சொல்ல மாட்டாரு, பயப்படுதாரு. நீங்க அந்த மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அவரு வெளியதான் நிக்காரு."